இடப்பக்கத் திரை

அம்புக்குறி திரையின் இடது ஓரத்தில் நிற்கவில்லை.

மவுஸை நகர்த்த நகர்த்த அது விளிம்பைத் தாண்டிப் போய்க் காணாமல் போனது. வலப்பக்கம் இழுத்தால், எங்கோ போய்விட்டு வீடு திரும்புகிற மாதிரி சற்றுத் தாமதமாக உள்ளே வந்தது. மேசையில் இருப்பது ஒரே மானிட்டர். அதற்கு இடப்பக்கம் வெறும் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை; அங்கே அவளுடைய நான்கு வயது மகள் சிட்டு மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது அவள் தொழில். இருநூறு பக்கப் புத்தகம் ஒன்று மாலை ஆறு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். காலையில் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் ஏதோ அப்டேட் கேட்க, யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இப்போது எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாத அந்த இடப்பக்கத்தில் போய்த் திறந்துகொண்டது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தம்பியைப் போனில் பிடித்து நடந்ததைச் சொன்னாள்.

"டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து பாருக்கா. எத்தனை ஸ்க்ரீன் காட்டுது?"

"ரெண்டு. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு இடது பக்கத்துல இருக்கு. பேரே இல்ல."

"அவ்வளவுதானே! ஸ்க்ரீன்ல படம் காட்டற சாஃப்ட்வேர் இருக்கே, கிராபிக்ஸ் டிரைவர், அது புதுசா வந்து பண்ற வேலை. இல்லாத மானிட்டரை இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. நாங்க இதைப் பேய் மானிட்டர்னு சொல்லுவோம்."

"வாயைக் கழுவுடா. வீட்டுல நானும் சிட்டுவும் மட்டும்தான் இருக்கோம்."

அவன் சிரித்தான். செட்டிங்ஸில் அந்த இரண்டாவது திரையை அணைக்கச் சொன்னான். அணைத்தாள். திரை ஒருமுறை இருண்டு மீண்டது; பட்டியலில் மறுபடி இரண்டு. மூன்று முறை அணைத்தாள். மூன்று முறையும் அது திரும்பி வந்தது.

"சரி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பு. ரெண்டு ஸ்க்ரீனும் ஒரே படத்துல விழும். உன் ஃபைல் எங்க கிடக்குன்னு பார்த்துடலாம்."

எடுத்தாள். அனுப்பினாள். படத்தின் வலப்பாதியில் அவள் வேலை செய்துகொண்டிருந்த திரை அப்படியே இருந்தது. இடப்பாதியில் ஓர் அறை. மேற்கூரையின் மூலையில் ஒட்டிக்கொண்டு கீழே பார்ப்பது போன்ற கோணம். குறுக்கே மின்விசிறியின் இறக்கைகள் கலங்கலாக ஓடின. அவற்றுக்குக் கீழே அலமாரி, மடிக்காத துணிக்குவியல், கட்டில். கட்டிலில் ஒரு குழந்தை.

"இது உன் பெட்ரூம்தானே? எப்பவோ எடுத்த போட்டோவா இருக்கும்க்கா. கிராபிக்ஸ் கார்டோட மெமரியில கிடந்தது மேல வந்துடும். நடக்கிறதுதான்."

அவளும் அப்படித்தான் நம்பினாள், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வரை. குழந்தையின் இடது முழங்காலில் பச்சை ஸ்கெட்ச் பேனாக் கிறுக்கல். இன்று மதியம் கிறுக்கியது. அதற்காகத் திட்டித்தான் தூங்க வைத்திருந்தாள்.

எழுந்து போனாள். வெளியே மழைக்கு முந்தைய இருட்டு கவிந்திருந்ததால் படுக்கையறை சாயங்காலம் போல மங்கியிருந்தது. மின்விசிறி டக், டக் என்று தட்டிக்கொண்டே சுற்றியது. பல நாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருகிற வாடை ஒன்று கட்டிலுக்கு மேலே மட்டும் நின்றது. சிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மேல் மூலையில் வெள்ளைச் சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை.

திரும்பி வந்து இன்னொரு படம் எடுத்தாள்.

கட்டில் பெரிதாகியிருந்தது. மின்விசிறி படத்தில் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பது எதுவோ, அது மின்விசிறிக்குக் கீழே வந்துவிட்டிருந்தது.

"டேய்... இது இறங்குதுடா."

அந்தப் படத்தையும் அவனுக்கு அனுப்பிவிட்டு எழுந்தாள்.

"நான் போய் அவளைத் தூக்கிட்டு வந்துடறேன்."

"தூங்கற குழந்தையை எதுக்குக்கா பயமுறுத்தற? அந்த டிரைவரையே தூக்கிடலாம். அஞ்சு நிமிஷம். நான் சொல்றதை அப்படியே டைப் பண்ணு."

குரலில் கேலி இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நான்கு. உட்கார்ந்தாள்.

திரை முழுவதும் கறுப்பாகி வெள்ளை எழுத்துகள் மட்டும் நின்றன. அவன் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவள் தட்டினாள். வரிகள் ஓடின. அழிக்கிறேன், அழிக்கிறேன் என்று ஓடின. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தபோது எல்லாம் பூதாகரமாக, மங்கலாகத் தெரிந்தது. பட்டியலில் ஒரே திரை.

"ஒண்ணுதான்டா காட்டுது!"

"அப்பாடா. எதுக்கும் கடைசியா ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பாத்துடு."

எடுத்தாள்.

படம் திறக்க நேரம் பிடித்தது. அகலமாகத் திறந்தது. இரண்டு திரை அகலம்.

இடப்பாதி முழுவதும் சிட்டுவின் முகம். மூச்சுப் படுகிற தூரத்தில். கண்கள் மூடியிருந்தன. உதடு சிரித்தது. முகத்தின் இரு பக்கமும் இரு சின்னக் கைகள் படத்தின் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தன. தூக்கிக்கொள்ளச் சொல்லி நீட்டுகிற கைகள்.

"அக்கா? சரியாயிடுச்சா?"

நாற்காலி விழுந்தது. ஓடினாள்.

மின்விசிறி நின்றிருந்தது. அந்த வாடை. வாசற்படி வரை.

கட்டிலுக்கு மேலே சிட்டு. மூடிய கண். தூக்கிய கைகள். இரண்டு கக்கத்திலும் கவுன் துணி உள்ளே அழுந்தி, விரல் விரலாகக் குழிந்திருந்தது. பிடித்திருப்பவர் யாருமில்லை.

குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

பிறகு ஐந்து.