இரண்டாவது இருமல்

நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நாக்கு கிண்ணத்தில் சளக் சளக்கென்று அடிக்கும் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நிற்காதபோதே இருமலும் கேட்டது.

அவள் சமையலறை வாசலில் ஈரத்துணியோடு நின்றுவிட்டாள். குடிக்கும்போது இருமினால் புரையேற வேண்டும், தலை நிமிர வேண்டும், தண்ணீர் சிந்த வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. நாய் குடித்து முடித்து, மீசையில் சொட்டும் நீரோடு திரும்பி அவளைப் பார்த்து வாலாட்டியது.

"என்ன மேஸ்திரி, வேலை சரியா நடக்குதான்னு பாக்குறியா?" என்றாள். வந்த நாளிலிருந்தே அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வந்து, உட்கார்ந்து, மேற்பார்வை பார்த்ததால் விழுந்த பெயர் அது. சொல்லிவிட்டுத் தன் குரல் கொஞ்சம் உயர்ந்திருப்பதைக் கவனித்தாள்.

கணவனைப் பிரிந்து இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் அதே இடத்தில் இருக்கும். அந்த டம்ளரைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. அக்காதான் வழி சொன்னாள். அக்காவுக்கு நாய்க் காப்பகத்தில் பதிவேடு எழுதும் வேலை. "உனக்குன்னே ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்டி" என்று அவளே கூட்டிவந்து விட்டாள். நாய்க்கு இருமல் இருந்தது. பதினாலு நாளில் குணமானால் நாய் அவளுக்கு. ஆகாவிட்டால் காப்பகத்துக்கே திரும்பப் போய்விடும். அன்று அக்கா துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தூசி என்றாள்.

கால்நடை மருத்துவர் நாயின் தொண்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரே கொட்டகையில இருபது நாய். ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும். பயப்படாதீங்கம்மா, மனுஷங்களுக்கு ஒட்டுற வகையில்ல. கழுத்துப்பட்டை வேண்டாம், மார்ல கட்டுற வாரு போடுங்க. ஜன்னலை மூடி வைங்க. சாயங்காலம் குளியலறையில வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில பத்து நிமிஷம் உக்கார வைங்க. எத்தனை தடவை இருமுதுன்னு மட்டும் எழுதி வைங்க."

எழுதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், எண்ணிக்கை என்று மூன்று கட்டம் கட்டினாள். மத்தியான மருந்தை அக்கா வந்து கொடுத்தாள். மாற்றுச்சாவி அவளிடம் இருந்தது. ஆறாம் நாளிலிருந்து கணக்கு உதைத்தது. நாய் நன்றாகச் சாப்பிட்டது, விளையாடியது, மூக்கு ஒழுகுவதும் நின்றிருந்தது. இருமல் மட்டும் கூடிக்கொண்டே போனது.

தண்ணீர்க் கிண்ணத்தருகே அந்த இருமலைக் கேட்ட மறுநாள், பத்தாம் நாள் காலை, பழைய கைப்பேசியைப் பதிவுக்குப் போட்டு அலமாரிமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அவளுடைய பிழைப்பே காதில்தான். விசாரணைகள், கூட்டங்கள் ஆகியவற்றின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் சின்ன அலுவலகம். மேசைக்கடியில் காலால் அழுத்தும் மிதி இருக்கும். அழுத்தினால் பதிவு ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் தட்டினால் நான்கு நொடி பின்னால் போகும். பேசுகிறவர் யாரென்று தெரியாது. முதல் குரலுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று எண் போட வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் வார்த்தையை வைத்து ஆளைப் பிரிப்பதை விட்டுவிட்டாள். பேசுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பதினோராம் நாள் அந்தப் பதிவை அலுவலகத்துக்கே கொண்டுபோனாள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நாய் இருமலையுமா டைப் அடிக்கிறீங்க? எனக்கும் ஒரு பதிவு இருக்கு, என் மாமியார் குறட்டை. நூறு பக்கம் வரும்."

"முன்பணம் கட்டிட்டுப் பேசுங்க" என்று சொல்லி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

காலி வீட்டின் இரைச்சல். குளிர்பதனப் பெட்டியின் முனகல். தரையில் நகம் தட்டும் நடை. அப்புறம் இருமல்: எலும்பு சிக்கியதுபோல ஒரு செருமல், கடைசியில் ஓங்கரிப்பு. கை தன்னால் 'ஒன்று' என்று அடித்தது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. அதே செருமல், அதே ஓங்கரிப்பு. கை 'இரண்டு' என்று அடித்தது.

அவள் திரையைப் பார்த்தாள். குதிகாலால் தட்டினாள். நான்கு நொடி பின்னால். மறுபடி கேட்டாள்.

இரண்டாவது இருமலுக்கு முன்னால் இழுக்கப்பட்ட மூச்சு நீளமாக இருந்தது. நாயின் சின்ன மார்பில் அடங்காத நீளம். அந்த மூச்சு எதையோ ஞாபகப்படுத்திக்கொள்ள முயல்வதுபோல, சரியாக வருகிறதா என்று பார்ப்பதுபோல, தயங்கித் தயங்கி வந்து, பிறகுதான் இருமியது. முதலாவது இருமலைப் பழகிக்கொண்டிருந்தது.

பதிவில் பன்னிரண்டரை மணி. சாவி திரும்பியது. அக்காவின் செருப்பு. நாய் ஓடிவரும் நகச்சத்தம். பாட்டில் மூடி திறக்கும் சத்தம். "டேய், வாயைத் திற. அவ்ளோதான். சமத்து." பிறகு அக்கா உள்ளறைக்கு நடந்தாள். நாய் பின்னால் போகவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அக்கா.

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. மறுபடி அழுத்தினாள்.

"எங்க வீட்டுக்காரரு இப்ப நல்லாத் தூங்குறாரு. ரொம்ப நன்றிங்க. என் தங்கச்சி பாத்தீங்களா, எப்படிப் பாத்துக்குறா. மடியிலயே வெச்சுக்குறா. ஆவி பிடிக்கும்போது பக்கத்துலயே உக்காந்துக்குறா." ஒரு நிறுத்தம். "நாய் சின்ன உடம்பு, உங்களுக்குப் பத்தாதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு மத்தியானம் அதைக் கூட்டிட்டுப் போயிடறேன். நீங்க இங்கேயே இருங்க."

நீளமான மூச்சு. இருமல்.

அக்காவின் கணவர் ஒரு வருடம் இருமினார். அக்கா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பின்னால் அந்தச் சத்தம் இருக்கும். மருத்துவர்கள் கைவிரித்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் திடீரென்று நின்றது. 'காப்பகத்துக்கு ஒரு நாள் என்கூட வந்தாரு, அந்தக் காத்து ஒத்துக்கிச்சு போல' என்று அக்கா சிரித்தாள். அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

நாளைக்கு என்றால் இன்றைக்கு. மணி பன்னிரண்டு நாற்பது.

வெயிலில் ஓடினாள். அந்த நேரத்தில் அவள் மனதில் அக்காகூட இல்லை. நாயை விடக்கூடாது. மேஸ்திரியை விடக்கூடாது. அவ்வளவுதான்.

கதவு திறந்திருந்தது. மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் வீடு பகலிலும் மங்கலாக, ஈரமாக, மருந்தும் நாய்முடியும் கலந்த வெதுவெதுப்போடு இருந்தது. அக்கா கூடத்தில் நாயின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். வாயில் துணி கட்டியிருந்தது. தங்கையைக் கண்டதும் நாயைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வாசற்படியைத் தாண்டி வெளியே போய்விட்டாள். அங்கே நின்றுதான் திரும்பினாள்.

"சீக்கிரம் வந்துட்டியே."

"அவனை விடு அக்கா."

"இதுக்குச் சரியாயிடுச்சு. நாலு நாளா இது எப்பவாவதுதான் இருமுது, மத்ததெல்லாம் இது இல்லடி."

"உள்ள யாருகிட்ட பேசின?"

அக்காவின் கண் நிறைந்தது. அது நடிப்பில்லை, அழுகைக்கு முன்னால் அக்கா இழுக்கும் மூச்சும் அவளுக்குத் தெரியும். "ஒரு வருஷம். ஒரு வருஷம் அந்த மனுஷன் உக்காந்துகிட்டே தூங்கினாரு. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. உனக்கு யாரு இருக்கா, சொல்லு?"

யாருமில்லை என்பதை அக்காவிடம் சொல்லி அழுததே அவள்தான். இந்தக் கூடத்து சோபாவில், இதே அக்காவின் தோளில்.

மண்டியிட்டுக் கையை நீட்டினாள். "மேஸ்திரி. வாடா. நம்ம வீட்டுக்கு வா."

நாய் வாலை ஆட்டியது. ஒரு அடி வைத்தது. பிறகு அதன் பார்வை அவள் முகத்தை விட்டு மெல்ல மேலே ஏறி, அவள் தலைக்குப் பின்னால் ஓரிடத்தில் நின்றது. வால் நின்றது. காதுகள் படிந்தன. பதினோரு நாள் அவள் மடியில் தூங்கிய நாய், அக்காவின் கால்களுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

"மன்னிச்சுடுடி" என்றாள் அக்கா. நடக்கத் தொடங்கினாள். நாய் அவளை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை. இருவரில் ஒருவரும்.

கதவு அகலத் திறந்தே கிடந்தது. தெருவில் வெயில். யாரோ மிதிவண்டியில் மணியடித்துப் போனார்கள். எழுந்து நான்கு அடி வைத்தால் வெளியே.

அவள் எழவில்லை. கேட்டாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு வீட்டை ஓரம் ஓரமாகக் கேட்டாள். குளிர்பதனப் பெட்டி. குழாயில் சொட்டு. உள்ளறையில் ஒன்றுமில்லை. குளியலறையில் ஒன்றுமில்லை. தலைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. மூச்சே இல்லை.

போய்விட்டது.

அப்படித்தான் நினைத்தாள். நிம்மதியில் மூச்சை இழுத்தாள். இழுத்தாள். மார்பு நிறைந்த பிறகும் மூச்சு நிற்காமல், தயங்கித் தயங்கி, நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

அவள் இழுக்கவில்லை.

தொண்டையில் ஒரு குறுகுறுப்பு.

கையைத் தூக்கினாள். விரலைத் தொண்டைக்குழியில் வைத்தாள். மெல்ல அழுத்தினாள்.

தோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அந்த விரலை ஏதோ தொட்டது. ஈரமாக. முகர்ந்து பார்ப்பதுபோல.