காற்றுக்குத் திரும்பாத படகு

காற்று திரும்பிவிட்டது. படகு திரும்பவில்லை.

நங்கூரம் போட்ட படகு எப்போதும் காற்றைப் பார்த்தே நிற்கும். காற்று மாறினால் தானாகச் சுற்றிக்கொள்ளும். காலையிலிருந்து முகத்தில் அடித்த கரைக்காற்று ஓய்ந்து, உப்பும் பாசியும் நாறும் ஈரக்குளிர் கடல் பக்கமிருந்து படகுக்காரரின் பிடரியில் ஊதத் தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். உடம்பு ஒத்துழைக்கவில்லை. பனிக்காலம் முழுக்க ஆழ்கடலுக்கு ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போய் அலுத்துப்போயிருந்தார். இன்றைக்கு வந்தவர்களோ வாந்தி எடுப்பதற்கென்றே படகை வாடகைக்குப் பிடித்தவர்கள் போல, தூண்டிலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அறைக்குள் சுருண்டு கிடந்தார்கள்.

"மாப்ள, நங்கூரத்தத் தூக்கு. வீட்டுக்குப் போலாம்."

"இப்பவாவது சொன்னீங்களே, மாமா," என்றான் உதவிக்கு வந்திருந்த அவர் மனைவியின் தம்பி. "நான் விறைச்சுப் போனா அக்கா உங்களுக்குச் சோறு போட மாட்டா."

அவர் சிரிக்கவில்லை. இந்தக் காற்றில் தம்பியைக் கூட்டிப்போகாதீர்கள் என்று அவள் வாசல்வரை வந்து கெஞ்சியிருந்தாள். பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவன் முன்பக்கம் நின்று இழுத்தான். ஆழம் தெரிவதற்காகக் கயிற்றில் அவர் முடிந்திருந்த சிவப்புத் துணிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசித் துணிக்குப் பிறகு சங்கிலி வர வேண்டும். கயிறுதான் வந்தது.

"மாமா, இது நம்ம கயிறா? சூடா இருக்கு."

"விட்டுடு." அவருக்குப் பயமாக இருந்தது.

அவன் கையை எடுத்தான். கயிறு வந்துகொண்டே இருந்தது.

யாரும் இழுக்கவில்லை. விளிம்பில் உரசும் சத்தம் மட்டும். இழுத்த கயிற்றை அவன் தன்னைச் சுற்றியே போட்டிருந்தான். சுருளுக்குள் நிற்கக் கூடாது என்பது படகில் முதல் பாடம். அலுப்பில் இருவருமே கவனிக்கவில்லை. இப்போது வளையத்தின்மேல் வளையம். முழங்கால்வரை.

"மாமா, காலு வரல."

கத்தியோடு ஓடினார். விளிம்பில் வைத்து அறுத்தார். அறுந்தது. கடல் பக்கத்து முனை தண்ணீரில் விழ வேண்டும்.

விழவில்லை. விளிம்பைத் தாண்டி ஏறி வந்தது. அவன்மேல் அடுத்த வளையத்தைப் போட்டது. இடுப்பு. மார்பு. கைகள் உள்ளே போய்விட்டன.

"மாமா, அக்காகிட்ட..."

கயிறு அவசரப்படவில்லை. அவன் வாய்மேல் ஒரு வளையம் போட்டது.