தெருமுனை ஹாரன்

சாவி ஜெரோமின் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் பேக்கரி வாசலில் நின்ற அவனுடைய வண்டி ஹாரன் அடித்தது. சின்னதாக, இரண்டு முறை. தேங்காய் பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், "வண்டி உன்ன கூப்புடுது, கெளம்பு" என்று சிரித்தார். ஜெரோமும் சிரித்துவைத்தான்.

வண்டியில் வேறு ஹாரன் சுவிட்சை மாட்டி ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் அவனுக்குத் துணி வெளுக்கும் வேலை. வண்டி பகல் முழுக்கக் கடலைப் பார்த்தபடி வெளியில் நிற்கும். உப்புக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக இடதுகைப்பிடி சுவிட்சைத் தின்றுவிட்டது. முதலில் இண்டிகேட்டர் போனது. மழைக்காலம் தொடங்கியதும் ஹாரனும் செத்தது. வேறு யாராக இருந்தாலும் ஆடு மாடு குறுக்கே வந்தால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போயிருப்பான். ஜெரோமுக்கு அது முடியாது. வீட்டில் மகள் சிநேகா இருக்கிறாள்.

திருக்கழுக்குன்றம் பக்கம் அவன் குடியிருக்கும் காலனியில் ஒரு வழக்கம். வேலை முடிந்து வரும் அப்பாக்கள் தெருமுனையில் ஹாரன் அடிப்பார்கள். ஏசுதாஸ் ஒரே இழுப்பாக இழுப்பார். பூபாலன் விட்டு விட்டு அடிப்பான். ஜெரோம் சின்னதாக இரண்டு. எந்தச் சத்தம் எந்த அப்பா என்று பிள்ளைகளுக்கு அத்துப்படி. தன் அப்பாவின் சத்தம் கேட்டதும் தட்டில் சோறு இருந்தாலும் போட்டுவிட்டு ஓடும். வண்டியின் டாங்க் மேல் ஏறி உட்காரும். ஒரு ரவுண்டு அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். ஹாரன் செத்த நாளிலிருந்து சிநேகா மற்ற பிள்ளைகள் ரவுண்டு போவதைக் கேட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அழுதுகொண்டே தூங்கிப் போனாள். "இன்னிக்கு கண்டிப்பா அடிப்பேன்மா" என்று காலையில் அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து போனபோது, பூஞ்சேரியில் மெக்கானிக் தர்மராஜ் உதட்டைப் பிதுக்கினார். "புது செட்டு வர்றதுக்கு ரெண்டு நாளு ஆவும், அண்ணாத்த." ஜெரோமின் முகம் விழுந்ததைப் பார்த்தவர் கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கே முன்சக்கரம் கோணிய ஒரு கறுப்பு வண்டி செடிகளுக்குள் சாய்ந்து கிடந்தது. அதன் கைப்பிடியிலிருந்து ஒயர்களை வெட்டி சுவிட்சைக் கழற்றினார். அதில் ரோஸ் கலர் ரப்பர் பேண்டு ஒன்று சுற்றியிருந்தது, சின்னப் பிள்ளைகள் தலைமுடிக்குப் போடுவது. தர்மராஜ் அதை பிளேடால் அறுத்துச் சேற்றில் எறிந்தார்.

"யாரு வண்டி இது?"

"இந்த ரோட்லதான் அடிபட்டுச்சு. ஆளு போய்ட்டாரு. எடுத்துகினு போவ யாரும் வரல. அவுரு பொண்ணு ராத்திரி வரைக்கும் தெருமுனையிலயே நின்னுகினு இருந்துச்சாம், பாவம்."

 ஜெரோம் வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தான். சிநேகாவின் அழுத முகம் நினைவுக்கு வந்தது. "போடுண்ணே" என்றான்.

அவன் பேக்கரியிலிருந்து கிளம்பி பூஞ்சேரியைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் பனைகள் கறுத்து நின்றன. அந்தி வெளிச்சம் மழை மேகத்துக்குள் போய்விட்டது. ஏரித் தண்ணீரின் பாசி வாடையும், நனைந்த வைக்கோல் வாடையும், எங்கோ டயர் எரிக்கும் வாடையும் கலந்து மூக்கில் ஏற, தவளைகள் ஓயாமல் கத்துகிற அந்தச் சாலையில் அவன் மெதுவாகத்தான் போனான். வாசலில் விளக்கெரியும் ஒரு வீட்டைக் கடந்தபோது ஹாரன் தானாக அடித்தது. சின்னதாக இரண்டு. அவன் கட்டைவிரல் பொத்தான் மேல் இல்லை. அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது.

அடுத்த வீட்டிலும் அடித்தது. அதற்கடுத்த வீட்டிலும். விளக்கும் பிள்ளையும் இருக்கிற ஒவ்வொரு வாசலிலும். அவனுடைய அதே இரண்டு. இந்தச் சத்தத்தை சுவிட்சுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? 

வீடுகள் முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டு தர்மராஜுக்கு போன் போட்டான்.

"தண்ணி எறங்கி ஷார்ட் ஆவுது அண்ணாத்த. ஹாரன்ல ரெண்டு ஒயரு கீது பாரு, புடுங்கி வுட்டுடு. காலைல பாத்துக்கலாம்."

குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் இரண்டு ஒயர்களையும் பிடுங்கினான். பொத்தானை அழுத்திப் பார்த்தான். சத்தமில்லை. அப்பாடா என்று இருந்தது. இன்றைக்கும் ஹாரன் இல்லாமல்தான் போகவேண்டும். சிநேகாவுக்கு தேங்காய் பன்னைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

தவளைகள் நின்றுபோயிருந்தன.

தூரத்தில் ஹாரன் கேட்டது. சின்னதாக இரண்டு. அவன் வீடு இருக்கும் திசையிலிருந்து.

வேறு யாருடைய வண்டியாவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கிக்கரை உதைத்தான். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தான். மறுபடி. கால்மணி நேரம் போயிருக்கும், போன் அடித்தது. மனைவி ஜாக்குலின்.

"இன்னாபா, எவ்ளோ நேரம் ரவுண்டு அடிப்ப? மழ வர்ற மாரி கீது. புள்ளய கூட்டினு வா."

"ரவுண்டா?" என்றான்.

"ஹாரன் அடிச்ச இல்ல? அப்பான்னு கத்திகினு செருப்புகூட போடாம ஓடுச்சு. இன்னும் வூடு வந்து சேரல."

"ஜாக்கு... நான் இன்னும் வரல. பூஞ்சேரி தாண்டி ரோட்ல நிக்கிறேன்."

 அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ அவ யாரு கூட போனா?"

போன் கையிலிருந்து நழுவியது. கிக்கரை உதைத்தான். உதைத்தான். கால் வழுக்கி முழங்காலில் இரும்பு அடித்தது. ஆண்டவரே என்றான். வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடலாம் என்று நினைத்தான்.  இடதுகை கைப்பிடியை விடவில்லை. விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

எதிரே ஒரு சத்தம். டக். டக். டக். கோணிய சக்கரம் ஒன்று உருண்டு வருகிற சத்தம்.

விளக்கு இல்லை. எஞ்சின் சத்தம் இல்லை. கறுப்பு வண்டி. இடது கைப்பிடி மொட்டையாக இருந்தது. வெட்டிய ஒயர்கள் தொங்கின. டாங்க் மேல் சிநேகா.

காலையில் ஜாக்குலின் அவளுக்குக் கறுப்பு ரிப்பன்தான் கட்டிவிட்டாள். இப்போது தலையில் ரோஸ் கலர் ரப்பர் பேண்டு. அறுந்த இடத்தில் முடிச்சு. முடிச்சில் சேறு.

"சிநேகா! அம்மாடி! அப்பா இங்க கீறேன்!"

அவள் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். வழியில் நிற்கும் யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, பின்னால் உட்கார்ந்திருந்தவனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, இன்னொரு ரவுண்டு."

வண்டி அவனைக் கடந்து கடல் பக்கம் போனது. டக். டக். இருட்டு அதை மூடியது.

ஜெரோமின் கை கைப்பிடியிலேயே இருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் பொத்தான் தானாக அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது.

தூரத்தில், கடல் பக்கம், சின்னதாக இரண்டு ஹாரன். கூடவே அவன் மகளின் சிரிப்பு.