நீலப் பலகை

"கீழ வை! தொடாதே... அதைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

காலை ஏழு மணிக்குச் சமையலறையில் எழுந்த கூச்சலில் வீடே திடுக்கிட்டது. மூத்த மருமகள் பாய்ந்து வந்து, சின்னவளின் கையிலிருந்த நீலப் பலகையையும் சிறு கத்தியையும் வெடுக்கென்று பிடுங்கினாள். நறுக்குவதற்காக வைத்திருந்த ஆப்பிள் தரையில் உருண்டு அடுப்பு மேடைக்கு அடியில் போய் நின்றது. ஐந்து மாதக் கர்ப்பிணியான சின்னவள் சுவரோரம் ஒண்டிக்கொண்டாள்.

"கையைக் கழுவு. சோப்பு போட்டுக் கழுவு!"

"என்னக்கா இது... ஒரு ஆப்பிள் நறுக்க வந்தேன். அது ஒரு குத்தமா?"

அவ்வளவுதான், மாமியார் வந்துவிட்டாள். அந்த அம்மாளுக்குக் கால்வலி என்றுதான் பேர், சண்டை என்றால் எங்கிருந்துதான் அந்த வேகம் வருமோ!

"பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்! ஒரு மாசமா இதே கூத்துதான். அந்தப் பலகையைத் தொடாதே, இந்த அலமாரிப் பக்கம் வராதே... புள்ளைத்தாச்சியை இப்படியா விரட்டுவாங்க? உனக்கு மனசு கல்லா?"

"அத்தை... அதுல..."

மூத்தவள் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அதுல என்ன? நீ சொல்ல மாட்டே, நான் சொல்றேன். வயித்தெரிச்சல்! மூணு வருஷமா உனக்கு ஒண்ணுமில்ல. வந்து ஒரு வருஷம்கூட ஆகல, அவளுக்கு நின்னுடுச்சு. அதைத் தாங்கிக்க முடியல உன்னால. இனிமே அவ வயித்துப் பக்கமே நீ வரக் கூடாது. அவளுக்குப் பொறக்கிற வரைக்கும் உன் அம்மா வீட்ல போய் இரு!"

இதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவள் புருஷன் கூடத்தில் கண்ணாடி முன் நின்றிருந்தான். தலையில் ஓடிக்கொண்டிருந்த சீப்பு சட்டென்று நின்றது. ஆக, எல்லாம் காதில் விழுந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தானா அந்த மனுஷன்?

அவனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாலு பக்கச் சுவரிலும் நிலைக்கண்ணாடி. வந்தவர் ஒரு பிரேமை மாட்டிப் பார்த்தால், அவர் முகத்துக்குப் பின்னால் இவனுடைய உச்சந்தலை தெரியும். வெட்டவெளியாகிக்கொண்டிருந்த அந்த உச்சந்தலையை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்தால் எவனுக்குத்தான் பொறுக்கும்? வீட்டுக்கு வந்தால் தம்பி வேறு, "அண்ணா, மைதானம் ரெடியாயிடுச்சு, எப்போ மேட்ச்?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

கடையில் கூட வேலை செய்யும் ஒருவன்தான் முடி கொட்டாமலிருக்க ஒரு மாத்திரைக்கு வழி சொன்னான். டாக்டர் கிடையாது, சீட்டும் கிடையாது. பெரிய மாத்திரையாக வாங்கி நாலாக வெட்டிக்கொள்ளச் சொன்னான். இவனும் அதை வைட்டமின் டப்பாவில் ஒளித்துவைத்து, தினமும் விடிந்ததும் கால் துண்டு வெட்டிப் போட்டுக்கொண்டான். முடி கொட்டுவது நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது... ஆறு மாதமாக அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். கலகலவென்று பேசுகிறவன் உம்மென்று ஆனான்.

வேறு எவளோ வந்துவிட்டாள் என்றுதான் மூத்தவள் முதலில் அழுதாள். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மாத்திரையோடு வந்த தாள் அகப்பட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. சிலருக்கு ஆசை குறையலாம், மனம் சோர்ந்து போகலாம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்ததை அவள் இரண்டு தடவை படித்தாள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

"இதை விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"முடி போனா ஊருக்கே தெரியும். இது போனது உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சா போதாதாங்க?"

அவன் தாளைப் பிடுங்கி மடித்து வைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டான். அன்றைக்கே அவள் மாத்திரைக்கென்று நீலப் பலகையையும் ஒரு கத்தியையும் தனியாக ஒதுக்கினாள். தினமும் அவன் வெட்டி முடித்ததும் தேய்த்துக் கழுவி, அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைப்பாள். இன்றைக்குக் கண் அசந்துவிட்டாள். சின்னவள் முந்திக்கொண்டாள்.

"சரிங்க அத்தை, போறேன்" என்றாள் மூத்தவள்.

நாலு புடவையை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு நீலப் பலகையையும் கத்தியையும் பழைய துணியில் சுற்றி அதன்மேல் வைத்தாள். வாசலில் அவன் வழிமறித்தான்.

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போறே?"

"நான் போயிட்டா தினமும் யாருங்க கழுவுறது?" என்றாள் மூத்தவள். "இங்க இருந்தா அவ மறுபடியும் எடுப்பா..."

அவன் கண் அந்தப் பைமேல் போனது. இவ்வளவு பேச்சும் வாங்கிக்கொண்டு, விரட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைக்காகப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே! உள்ளே ஓடி வைட்டமின் டப்பாவையும் அந்தத் தாளையும் கொண்டுவந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் போட்டான்.

"அவளை ஏம்மா திட்டுறே? என்னைத் திட்டு! முடிக்காக மாத்திரை திங்கிறேன். அதை வெட்டுற பலகைம்மா அது. புள்ளைத்தாச்சி தொட்டா ஆபத்துன்னுதான் அவ காவல் காத்தா. வெளிய சொல்லாதேன்னு அவ வாயைக் கட்டினது நான்தான். இந்த ஆறு மாசமா குழந்தை வரலைன்னா அவளைக் கேக்காதே... என்னைக் கேளு!"

சின்னவள் தாளை எடுத்துப் படித்தாள். பாதியிலேயே அழுகை முட்டியது. "அக்கா... எனக்காகவா அக்கா?"

"நான் சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன் அண்ணா..." என்று முனகினான், சத்தம் கேட்டு வந்து நின்ற தம்பி.

"ஒவ்வொரு நாளும் சொன்னேடா" என்றான் அவன். பிறகு மனைவியிடம் திரும்பினான். "இன்னையோட நிறுத்திடறேன். போறியா... போகாதே."

"டாக்டரைக் கேக்காமதான் ஆரம்பிச்சீங்க, முடிக்கிறதையாவது கேட்டு முடிங்க. முடி போனா போகட்டும்னு நான் சொல்லல, அது உங்களுக்கு வலிக்குது. ஆனா உங்க பக்கத்துலயே படுத்துக்கிட்டு தனியா கெடக்கேனே, அது எனக்கு வலிக்குது. நிறுத்தினா எது திரும்பும், எது போகும்னு சாயந்தரம் ரெண்டு பேருமா போய்க் கேப்போம். அப்புறம் முடிவு பண்ணுங்க. ஆனா ஒண்ணு... இனிமே உங்களுக்காக எதையும் மறைக்க மாட்டேன்."

அவன் தலையாட்டினான். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

மாமியார் எழுந்து வந்தாள். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வந்து பழக்கமில்லை. மருமகளின் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள்.

"பாவி நான்... என்னென்னவோ பேசிட்டேனேடி..." என்று அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு அவளைச் சின்னவளிடம் இழுத்துப் போனாள். "குழந்தை அசையுதாம். தொட்டுப் பாரு. உனக்கப்புறம்தான் எங்களுக்கெல்லாம்."

வயிற்றருகே போன கையை மூத்தவள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இருங்க அத்தை... பலகையைத் தொட்ட கை. கழுவிட்டு ஓடி வந்துடறேன்."