இருந்தால் பேசாது

விடாமல் மழை பெய்த ஒரு பிற்பகலில் ஆஸ்பத்திரியின் கீழ்த்தள அறைக்கு இறங்கினேன். வேலை சின்னதுதான். நுரையீரல் வார்டின் பழைய கம்ப்யூட்டருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அதன் நிரல்களைப் புதியதில் ஓடவிட வேண்டும். நோயாளியின் மூச்சு குறைந்தால் நர்ஸ் அறையில் மணி அடிப்பது அந்த நிரல்களால்தான். மேலே அந்த வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் என் அப்பா படுத்திருந்தார்.

மணி அடிக்கும் நிரல்துண்டை, எங்கள் பேச்சில் மாட்யூலை, எழுதியவர் கிராம்பு சார், எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவர். எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பாராம், அதனால் அந்தப் பெயர். போன வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்காலியை யாரும் மாற்றவில்லை. அறையில் இன்னும் லேசாகக் கிராம்பு வாசனை அடித்தது. பெயிண்ட் அடித்தால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெர்ல் மொழியில் ஒரு மாட்யூல் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வரிக் கட்டளை போதும். கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்துக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் அரைப் பக்கத்துக்குப் புலம்பித் தள்ளும். இருந்தால் வாயே திறக்காது, கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி நிற்கும். எங்கள் தொழிலில் மௌனம்தான் நல்ல செய்தி.

கூப்பிட்டேன்.

மௌனம்.

"புதுசுல எல்லாம் இருக்கு. பழசைப் பிடுங்கிடுங்க," என்றேன் பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீஷியனிடம்.

அவர் ஒயரை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். "கிராம்பு சார் இதைத் தொடவே விட மாட்டாரும்மா."

"இனிமே யாரு வந்து கேக்கப் போறா."

அவர் சிரிக்காமல் ஒயரோடு வெளியே போனார். பழைய கம்ப்யூட்டரின் விசிறி முனகி ஓய்ந்தது.

சற்று நேரத்தில் மேலே மணி அடித்தது.

அடித்துப் பிடித்துக்கொண்டு படியேறினேன். நர்ஸ் அக்கா அப்பாவின் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்திருந்தார். அப்பாவின் உதட்டில் நீலம் மெதுவாக வடிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, மூச்சு வந்துடுச்சு," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "மணி மட்டும் அடிக்கலைன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்குமோ."

அப்பாவின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் தூங்கியதும் கீழே வந்தேன்.

என் லேப்டாப் திரையில் இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று பழைய கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு, இன்னொன்று புதியதோடு பேசுவதற்கு. இரண்டும் கறுப்பு, இரண்டிலும் ஒரே மாதிரி எழுத்து. நான் கட்டளையை அடித்த சன்னல் எது என்று அப்போதுதான் கவனித்தேன்.

பழையது.

அதே கட்டளையைப் புதியதில் அடித்தேன். அப்படி ஒரு மாட்யூல் இல்லவே இல்லை என்று அரைப் பக்கம் புலம்பியது.

அப்படியானால் மணியை அடித்தது எது?

யோசிக்கக்கூட பயமாக இருந்தது. எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து மாட்யூலை அவசர அவசரமாகப் புதியதில் நிறுவினேன். கூப்பிட்டேன். மௌனம். போன் செய்து நர்ஸ் அக்காவை மணிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, மணியை அடித்தும் பார்த்தேன். அடித்தது. அப்பாடா என்று இருந்தது.

பழைய சன்னலை மூடப் போனேன். ஒயர் பிடுங்கிய கம்ப்யூட்டரின் சன்னல் உறைந்து கிடக்க வேண்டும், தட்டினால் எழுத்துகூட விழாது.

அதில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

கிராம்பு வாசனை இப்போது லேசாக இல்லை.

மாட்யூலின் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயரை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்று புலம்பியது. சுவரோரம் அந்தக் கம்ப்யூட்டர் விளக்கில்லாமல், விசிறி சுற்றாமல் கிடந்தது.

"சார்," என்றேன் மெதுவாக.

பிறகு அவர் பெயரை அடித்தேன்.

கர்சர் சத்தமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கி நின்றது.