காங்கேசன்துறை வைரத்தோடு

காலை ஏழு மணி ஐந்து நிமிடம். காங்கேசன்துறைக் கடற்கரை விடுதியின் மூன்றாம் அறையிலிருந்து எழுந்த கூக்குரல், சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த மீனாம்பிகையைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, என்ரை வைரத்தோட்டைக் காணேல்லை!"

கத்தியவர் பியாட்றிஸ் அம்மா. மானிப்பாயிலிருந்து ஓய்வுக்கு வந்து ஐந்தாம் நாள். ஆறேகாலுக்குத் தோட்டைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, பாறை மறைவான கிழக்குக் கரையில் கடல் குளிக்கப் போனவர். ஏழு மணிக்குத் திரும்பினால் மேசை வெறுமை.

அவரோடு கூட வந்திருந்த அவரின் அக்கா மகன் எட்வேர்ட், கழுத்தில் கமெரா தொங்க ஓடிவந்தான். விசாரிக்கவுமில்லை, யோசிக்கவுமில்லை. அறைகளுக்குத் தண்ணீர் வைக்கும் ஏரம்புவைப் பிடித்துக் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"கள்ள நாயே! உன்னை விட்டால் ஆர் உள்ளுக்குப் போறது?"

ஏரம்பு மீனாம்பிகையின் புருஷன். அன்று ஆடி அமாவாசை. போன வருடம் கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய, வெள்ளை வேட்டியும் திருநீறுமாகக் கீரிமலைத் தீர்த்தக்கரைக்குப் புறப்பட நின்ற மனிதன்.

"நான் தொடேல்லை, ஐயா" என்றான். மீனாம்பிகைக்கு உச்சந்தலை கொதித்தது.

எட்டரை மணி. இன்ஸ்பெக்டர் செல்வநாயகம் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் பண்டத்தரிப்பில் தோட்டம் செய்கிற குடும்பத்து ஆள். கடலை ஜீப்பிலிருந்து பார்த்ததோடு சரி. கீரிமலைக்குப் போகிற சனம் மதிலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க, ஏரம்புவின் கையில் விலங்கைப் போட்டு ஜீப்பில் ஏற்றினார். அதற்குப் பிறகுதான் விசாரணையே தொடங்கியது. நல்ல நீதி!

விறாந்தையில் எல்லோரும் இருந்தார்கள். மீனாம்பிகை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மேற்குப் பக்கத்து மணலில் வள்ளங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

"நாலு நாளும் சுடச்சுட மீன் தந்தனி, இண்டைக்கென்ன வெறும் முட்டை?" தோடு போன துக்கத்திலும் பியாட்றிஸ் அம்மாவுக்கு வாய் குறையவில்லை.

இன்ஸ்பெக்டர் எட்வேர்ட் பக்கம் திரும்பினார்.

"ஆறேகாலிலையிருந்து ஏழு மட்டும் நீர் எங்கை நிண்டனீர்?"

"மேற்குக் கரையிலை, சேர். கரைவலை இழுக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"ஆரும் கண்டவையோ?"

"இழுத்த ஆக்கள் எல்லாரும் கண்டவை. நானும் கயிற்றிலை ஒரு கை பிடிச்சனான். படமும் எடுத்தனான்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிக் கொப்பியில் எழுதிக்கொண்டார். மீனாம்பிகை தட்டை மேசையில் டங்கென்று வைத்தாள்.

"ஐயா, நான் ஒண்டு கேக்கவேணும்."

"நீ போய்ச் சமையல் அலுவலைப் பார்."

"சமையல் அலுவல்தான் கேக்கப்போறன். தம்பி, வலையிலை என்ன மீன் பட்டது?"

எட்வேர்ட் இளக்காரமாகச் சிரித்தான். "சூடை. கொஞ்சம் பாரை."

"எத்தினை கூடை?"

"நாலைஞ்சு கூடை இருக்கும்."

"நாலைஞ்சு கூடை மீன் வாசலிலை இறங்க, நான் ஏன் முட்டை பொரிச்சனான்?"

இன்ஸ்பெக்டரின் பேனை பாதி வரியில் நின்றது.

"எங்கடை கரையிலை ஆடி அமாவாசைக்கு ஒருத்தரும் வலை வளைக்கிறேல்லை, ஐயா. கடலோடை போன தேப்பன்மாருக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிற நாளிலை, அந்தக் கடலிலையே ஆர் வலை போடுவினம்? நேற்றுப் பின்னேரமே வள்ளங்களைக் கவிட்டுப்போட்டினம். அந்தா கிடக்கு, பாருங்கோ! தம்பி இண்டைக்கு ஒருக்கால் அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நாலு நாள் கண்டதை இண்டைக்குக் கண்டதெண்டு அவிட்டுவிடுறார்."

"நான்... வேறை பக்கம்..." எட்வேர்ட் கமெராவைக் கையால் பொத்திக்கொண்டான்.

"படம் எடுத்தனான் எண்டியளே. கமெராவைத் திறவுங்கோ."

"திறந்தால் பிலிம் பழுதாப்போம்!"

"போகட்டும். நடக்காத கூத்தின்ரை படம்தானே!"

இன்ஸ்பெக்டர் கமெராவைப் பிடுங்கித் திறந்தார். பிலிம் இல்லை. கைக்குட்டை லேஞ்சியொன்றில் சுற்றியபடி இரண்டு தோடும் கிடந்தன.

"அன்ரி, கொழும்பிலை ஒரு மோட்டார் சைக்கிள் பாத்து வைச்சிருக்கிறன்..." எட்வேர்ட் அழத் தொடங்கினான். ஒரு மோட்டார் சைக்கிளுக்காக ஒரு மனிதனின் மானம்!

பியாட்றிஸ் அம்மா தோட்டை வாங்கிக் காதில் போட்டுக்கொண்டார். "சரி, இன்ஸ்பெக்டர். எங்கடை பெடியன்தானே. வழக்கு ஒண்டும் வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் கொப்பியை மூடினார்.

"மூடாதேங்கோ!" மீனாம்பிகையின் குரல் மதில் வரை கேட்டது. "என்ரை மனுசன் எண்டால் விலங்கு, உவையின்ரை பெடியன் எண்டால் விளையாட்டோ? அவரை ஏத்தினதை ஊரே பாத்தது. அதே சனத்துக்கு முன்னாலை விலங்கைக் கழட்டி, எடுத்தவன்ரை கையிலை போடுங்கோ. மாட்டியளெண்டால், நடந்ததை நானே மதிலடியிலை போய்ச் சொல்லுறன்!"

இன்ஸ்பெக்டர் மதிலைப் பார்த்தார். சனம் இரட்டிப்பாகியிருந்தது.

பத்து மணிக்கு விலங்கு கை மாறியது. எட்வேர்ட் குனிந்த தலை நிமிராமல் ஜீப்பில் ஏறினான். இன்ஸ்பெக்டர் ஏரம்புவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அவர் உனக்கு அடிச்சவராம். அதை விடுவமே?"

வேண்டாம் ஐயா என்று சொல்லுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஏரம்பு மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தான்.

"அதையும் எழுதுங்கோ, ஐயா. அப்புவுக்குத் தண்ணி இறைச்சுப்போட்டு வந்து கையெழுத்து வைக்கிறன்."