வாய்க்கட்டு

மரத்தூளை ஊதித் தள்ளியபோதுதான் யோகநாதன் கவனித்தான். மரத்தில் வெட்டிய முகத்தின் கண்கள் மூடியிருந்தன.

கம்ப்யூட்டரில் திறந்திருந்தன. திரும்பிப் போய்ப் பார்த்தான். திரையில் சாம்பல் நிறத்தில் நின்ற சிவபாதசுந்தரம் இரண்டு கண்ணாலும் அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மரம் வெட்டும் ரவுட்டர் மெசினின் கூர்முனை, அந்தப் பிட், ஐந்து மணித்தியாலம் வரிவரியாக உழுது முடித்த தேக்குப் பலகையிலோ இமைகள் இறங்கியிருந்தன. பிட் பிசகினால் கீறல் விழும், பள்ளம் விழும், இமை முளைக்குமா? இரண்டு வருஷமாக மெசின் ஓட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? எவனோ ஃபைலில் கை வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினான்.

எவனோ என்ன, வின்சன்ற்தான். கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் முதலாளியின் அந்தப் பட்டறையில் வேலையாட்கள் இரண்டே பேர். படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் முகத்தை எழுப்புவது வின்சன்ற். அதை மரத்தில் வெட்டுவது யோகநாதன். பிள்ளையார், அந்தோனியார், கட்டில் தலைமாட்டுப் பூவேலை, எல்லாம் அப்படித்தான். வின்சன்ற் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த கொச்சிக்கடைக்காரன். செக்பொயின்ற்றில் பொலிஸ்காரர்களோடு சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரிப்பான். யோகநாதன் எந்த லொட்ஜில் இருக்கிறான், எத்தனை மணிக்குப் போகிறான் என்று தேவையில்லாமல் விசாரிப்பான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் கொழும்பில், ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனிடம் அப்படி விசாரிக்கிறவனை எப்படி நம்புவது?

அந்த முகம் வெள்ளவத்தை ஜெகதீஸ்வரி அக்கா கொடுத்த ஓடர். பதினொரு மாதத்துக்கு முன் நம்பர் இல்லாத வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் அவருடைய புருஷன் சிவபாதசுந்தரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து வயது மகள் தகப்பனின் முகத்தை மறக்கத் தொடங்கிவிட்டாள், தடவிப் பார்க்க ஒரு முகம் வேண்டும் என்று வந்திருந்தார். வீட்டில் அவர் படத்துக்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார்.

"கண் நல்லா முழிச்சிருக்க வேணும் தம்பி. செத்தவையின்ர படம் மாதிரி வந்திடக் கூடாது. அவர் இருக்கிறார்."

யோகநாதனுக்கு விளங்கியது. அவனுடைய லொட்ஜ் அறையிலும் மாலை போடாத ஒரு படம் இருந்தது. தம்பி நாகேந்திரம். ஏழு மாதத்துக்கு முன், யோகநாதன் பாண் வாங்கக் கீழே இறங்கிய பத்து நிமிஷத்துக்குள் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். அறை நம்பரை யாரோ சொல்லித்தான் கொடுத்திருக்க வேண்டும்.

பலகையைக் காட்டிக் கேட்டதும் வின்சன்ற் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "அந்தோனியார் மேல சத்தியமா, கண்ணத் தொறந்துதான் வச்சேன்" என்றான். சத்தியம் பண்ணக் காசா பணமா என்று யோகநாதன் உள்ளுக்குள் கறுவிக்கொண்டான்.

அடுத்த நாள் ஃபைலைத் தானே பார்த்து, தன் பென் ட்ரைவில் ஏற்றி, புதுப் பலகையைப் பூட்டினான். வின்சன்ற்றைக் கிட்டவும் அண்டவிடவில்லை. ஸ்டூலைப் போட்டு மெசினுக்கு முன்னால் குந்தியிருந்தான். பிட் போய் வந்து போய் வந்து ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, சூடேறிய தேக்கின் கசந்த வாசனை தொண்டை வரை இறங்க, தூளுக்குள்ளிருந்து நெற்றி வந்தது, புருவம் வந்தது, பிறகு மறுபடியும் மூடிய இமைகள் வந்தன. அவன் கையெடுத்து நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். கன்னத்தோரமாக ஒரு பட்டி எழும்பிற்று. நாடிக்குக் கீழால் போய் மறு கன்னத்தால் ஏறி, உச்சியில் தூளுக்குள் மறைந்து கிடந்த முடிச்சில் போய் நின்றது.

வாய்க்கட்டு. செத்தவரின் வாய் பிளந்து போகாமல் வெள்ளைத் துணியால் கட்டுவது. தகப்பனுக்கு யோகநாதன் தன் கையாலேயே கட்டியிருக்கிறான்; அந்த முடிச்சு எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. பலகையைக் குப்புறப் போட்டுச் சாக்கால் மூடினான். பிட் முறிந்துவிட்டது, கொஞ்சம் பிந்தும் என்று அக்காவுக்குப் பொய் சொன்னான்.

மூன்றாம் நாள் அக்காவே அழைத்தார். பொலிஸில் இருந்து வரச் சொன்னார்களாம். போய் உடலை அடையாளம் காட்டிவிட்டு வந்தாராம்.

"இனி அது வேண்டாம் தம்பி. மாலை போட ஒரு படம் இருந்தாக் காணும்."

அதற்குப் பிறகு யோகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மெசினுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் தம்பியையும் தெரியும். பருத்தித்துறையிலிருந்து அம்மா கிழமைக்கொரு தரம் அழைத்து, தம்பி இருக்கிறானா என்று கேட்கிறாள். இவன் ஓம் ஓம் என்கிறான். எத்தனை நாளைக்கு?

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் பட்டறை பூட்டு. ஷட்டர் சாவி வின்சன்ற்றிடம். வேறு வழியில்லாமல் அவனிடமே கேட்டான். கொடுத்தான். கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்குப் போவாய், தனியாகவா என்றும் கேட்டான்.

தம்பியின் படம் அந்த ஒன்றுதான்: கொழும்புக்கு வந்த புதிதில் வெள்ளவத்தை ஸ்டூடியோவில் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று எடுத்தது. இடப்பக்கம் தம்பி, வலப்பக்கம் அவன். தம்பியை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம். ஆனால் கூட்டுப் படத்தில் ஒருவரைத் தனியாக வெட்டி எடுப்பது செத்த வீட்டுக்காரர் செய்கிற வேலை; மாலை போடத்தான் அப்படி வெட்டுவார்கள். மனம் வரவில்லை. படத்தை முழுதாகவே மெசினுக்குக் கொடுத்தான்.

ஷட்டரை உள்ளால் இழுத்துப் பூட்டினான். வின்சன்ற்றின் கை படாமல் வெறும் படத்திலிருந்து முகம் எழுப்பினால் மெழுகு உருகினது மாதிரித்தான் வரும். அப்படி வரவில்லை. பிட் மேலும் கீழுமாக உழுதுகொண்டு இடமிருந்து மெல்ல மெல்ல நகர, தம்பியின் காது, கன்னத்து மரு, கலைந்த தலைமயிர் எல்லாம் அச்சொட்டாக எழும்பின. மத்தியானம் தாண்டிற்று. ஒரு கண் வந்தது. மற்றக் கண்ணும் வந்தது.

திறந்திருந்தன. இரண்டும்.

யோகநாதன் விம்மி விம்மி அழுதான். கன்னத்தைத் தடவினான். இருக்கிறான் அம்மா, அவன் இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னான். உடனே அழைக்க வேண்டும் என்று ஃபோனை எடுத்தான்.

பிட் வலப்பக்கத்துக்கு நகர்ந்தது.

அவனுடைய காது. அவனுடைய புருவம். இமை.

மூடிய இமை.

சிவப்புப் பொத்தானை அடித்தான். வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். இரைச்சல் நின்றது. பிட் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

அந்த அமைதியில்தான் கேட்டது. ஒழுங்கைச் சந்துக்குள் ஒரு வாகனம் வந்து நின்றது. கதவு இழுபட்டுத் திறந்தது. சப்பாத்துக் கால்கள். மூன்று பேர். நான்கு.

"யோகா." வின்சன்ற்றின் குரல். அவன் குரல்தான், ஆனால் நடுங்கியது. "நான்தான்டா. ஷட்டரத் தொற."

பின்கதவு இல்லை. பதில் சொல்ல யோகநாதன் வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. நாடிக்குக் கீழே ஏதோ இறுகியது.

பலகையில் தம்பி கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில், அண்ணனின் உச்சந்தலையில், பிட் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தது.